மூணு நாள், மூணு பேர், ஒன்பதாயிரம் ரூபாய்: சென்னைக்கு காலேஜ் பார்க்கப் போறீங்களா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எழும்பூர் ஸ்டேஷனில் விடியற்காலை நேரத்தில் நின்று பாருங்கள். தெற்கிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலிருந்தும் ஒரே சாயலில் குடும்பங்கள் இறங்கும். அப்பா கையில் சர்ட்டிஃபிகேட் ஃபைல். அம்மா கையில் புளியோதரை டப்பா வைத்த கட்டைப்பை. பின்னால் போனைப் பார்த்துக்கொண்டே வரும் மகளோ மகனோ. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கும். அங்கே ஆரம்பிக்கும் டென்ஷன் ஊர் திரும்பும்வரை போகாது. காலையில் ஒரு காலேஜ், மதியம் ஒரு காலேஜ், நடுவில் ஒரு பிரியாணி, ராத்திரி ரயில். கேட்டால், ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்பார்கள். என்ன பார்த்தார்கள் என்று கேட்டால் ரிசப்ஷனில் இருந்த சோஃபாவைத்தான் சொல்வார்கள்.

பிள்ளை மூன்று, நான்கு வருடம் இருக்கப்போகும் இடம் அது. பல வீடுகளில் நகையை அடகு வைத்து, கடன் வாங்கிக் கட்டும் ஃபீஸ். அதற்கு ஒருநாள் ஓட்டம் போதாது. மூன்று நாள் ஒதுக்குங்கள். செலவு ரொம்பக் கூடாது, ஊரையும் பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

எப்போது போவது?

அலாட்மென்ட் வந்த பிறகு காலேஜ் பார்க்கப் போவது சுற்றுலா. கவுன்சலிங்கில் சாய்ஸ் லிஸ்ட்டில் எந்தக் கல்லூரியை முதலில் போடுகிறீர்கள், எதைப் பத்தாவதாகப் போடுகிறீர்கள் என்ற வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த லிஸ்ட்டை லாக் செய்வதற்கு முன்னால் போய்விட்டு வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மே மாதம் போனால் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். ஹாஸ்டல் பூட்டிக் கிடக்கும், மெஸ்ஸில் அடுப்பு எரியாது. வாட்ச்மேனையும் ஆபீஸ் ஆட்களையும் மட்டும் பார்த்துவிட்டு என்ன முடிவு எடுப்பது? அதனால் பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே, காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போய்விட்டு வருவதுதான் என்னைக் கேட்டால் உத்தமம். பள்ளிக்கு லீவு, கல்லூரி நடந்துகொண்டிருக்கும். நடுவில் காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை வருகிறதா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலமாயிற்றே என்று தயங்க வேண்டாம். முதல் நாள் நல்ல மழை பெய்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். காலேஜுக்குப் போகும் சாலையும் ஹாஸ்டல் வாசலும் எப்படி இருக்கின்றன என்பதை எந்த பிராஸ்பெக்டஸும் காட்டாது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி பக்கமெல்லாம் என்ன ஆனது என்று மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வருடமே பிளஸ் டூ முடித்தவர்கள் என்றால், கல்லூரிகள் திறந்த பிறகு, சாய்ஸ் கொடுக்கும் தேதிக்கு முன்னால் ஒரு வாரக்கடைசி கிடைக்கிறதா பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அட்மிஷன் சீக்கிரமே முடிந்துவிடும். அங்கே மே மாதத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அப்போது கேம்பஸில் யாரும் இல்லாவிட்டாலும், அங்கே படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரையாவது போனில் பிடித்துப் பேசிவிடுங்கள்.

வியாழன் ராத்திரி ரயில்

சனி, ஞாயிறு என்று திட்டமிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலேஜையும் பார்க்க முடியாது. சனிக்கிழமை பல இடங்களில் அரைநாள், சில இடங்களில் முழு லீவு. வியாழன் ராத்திரி கிளம்பி, வெள்ளி முழுக்கக் கல்லூரிக்கு ஒதுக்கி, சனி காலையை மீதிக்கு வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஒரு நாளைக்கு இரண்டு கல்லூரிக்கு மேல் வேண்டாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. மதுரையிலிருந்து பாண்டியனில் ஸ்லீப்பர் என்றால் ஆளுக்கு 350 ரூபாய் அளவில் வரும். இதில் எல்லோரும் போகும் டிக்கெட்டை முதலில் போடுவார்கள். நீங்கள் ஞாயிறு ராத்திரி திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள். பாண்டியனோ, பொதிகையோ, நெல்லையோ, ஞாயிறு ராத்திரி சென்னையிலிருந்து கிளம்பும் ரயில்தான் சீக்கிரம் நிரம்பும். எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதும் அங்கிருந்தே கிளம்புவதும் உண்டு. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இப்போது கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்துவிட்டால் பிறகு எல்லா இடத்துக்கும் மின்சார ரயில் இருக்கிறது.

எங்கே தங்குவது?

‘சித்தப்பா வீடு வில்லிவாக்கத்துல இருக்கே, ரூம் எதுக்கு?’ என்ற குரல் எல்லா வீட்டிலும் கேட்கும். சித்தப்பா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. பழம், ஸ்வீட், குழந்தைகளுக்குக் கையில் கொடுப்பது எல்லாம் சேர்த்தால் லாட்ஜ் வாடகையில் பாதி வந்துவிடும். அதைவிட, எந்தக் காலேஜ் நல்லது என்று அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். முதல் ராத்திரியே அதைச் சொல்லிவிடுவார். பிள்ளை தன் கண்ணால் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் பெரியவர்கள் முடிவு செய்து முடித்திருப்பார்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போங்கள். உறவும் கெடாது.

எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் லேனிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பத்தோடு தங்கக்கூடிய சாதாரண லாட்ஜ்கள் நிறைய. இரண்டு பேர் ரூமில் ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டு, ஏ.சி இல்லாமல், நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள் பேசி முடிக்கலாம். போன் செய்யும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?’ நீங்கள் இறங்குவது விடியற்காலை. 12 மணிக் கணக்கு என்றால் குளித்துக் கிளம்பும் அந்தச் சில மணி நேரத்துக்கே ஒருநாள் வாடகை போய்விடும். 24 மணிக் கணக்கு என்றால் வெள்ளி காலை ஆறு மணிக்கு எடுத்த ரூம் ஞாயிறு காலை ஆறு மணி வரை உங்களுடையது. ஞாயிறு காலையில் காலி செய்து, பெட்டியைப் பூட்டி ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டால் பகல் முழுக்கக் கைவீசிச் சுற்றலாம். பூட்டாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் எழும்பூர் சரிப்படாது. லிஸ்ட்டில் இருக்கும் கல்லூரிகளை மேப்பில் போட்டுப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘சென்னை’ என்று இருக்கும். இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ, கேளம்பாக்கம் தாண்டியோ, திருவள்ளூர் போகும் வழியிலோ இருக்கும். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் உள்ள கல்லூரிகளுக்கு என்றால் தாம்பரத்தில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். தெற்கு ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கின்றன. ஓ.எம்.ஆர் கல்லூரிகளுக்கு என்றால் திருவான்மியூர் வசதி.

கைக்காசு கரையாமல் சுற்ற

ஆட்டோவையும் கால் டாக்ஸியையும் மறந்துவிடுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலும், கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலும்தான் உங்கள் வாகனம். பெரும்பாலான தூரத்துக்கு ஐந்து, பத்து ரூபாய்தான். எழும்பூரிலிருந்து அடுத்த ஸ்டேஷனான பூங்காவில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். மெட்ரோவில் 10 ரூபாயில் ஆரம்பித்து அதிகபட்சம் 50. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூர்ப் பெண்களுக்கும்தான். முகப்பில் பிங்க் வண்ணம் அடித்த பேருந்தைப் பார்த்து ஏறுங்கள். அம்மாவும் மகளும் இலவசம், அப்பாவுக்கு மட்டும் டிக்கெட் என்பதில் சில வீடுகளில் ஒரு தனி சந்தோஷம்!

இன்னொன்று. வழி கண்டுபிடிக்கும் வேலையை முதல் நாளிலிருந்தே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் எடுப்பது, பிளாட்பாரம் பார்ப்பது, வழி கேட்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எதிர்த்திசை ரயிலில் ஏற்றிவிட்டாலும் பேசாமல் ஏறுங்கள். இரண்டு ஸ்டேஷனில் தானாகத் தெரிந்துவிடும். ‘இந்தப் பொண்ணைத் தனியா எப்படி விடறது’ என்ற கவலை உங்களுக்கு உண்டல்லவா? ஞாயிறு மாலை அந்தக் கவலை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கு நாளுக்கு 900 ரூபாய் வைத்துக்கொண்டால் தாராளம். காலையில் பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் எட்டிப் பாருங்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஹாஸ்டல் மெஸ் பிடிக்காத நாளில் நாளைக்கு உங்கள் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய இடம்.

கேம்பஸில் என்ன பார்ப்பது?

முதலில் ஒரு போன். எத்தனை மணிக்கு வரலாம், ஹாஸ்டலைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ‘அட்மிஷன் போட்ட பிறகுதான் ஹாஸ்டலைக் காட்டுவோம்’ என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவிகள் விடுதிக்குள் அப்பாவை விட மாட்டார்கள், அது நியாயம்தான். அம்மாவுக்கும் மகளுக்குமாவது ஒரு மாடியையும் மெஸ்ஸையும் காட்டலாம் அல்லவா?

ஆபீஸில் இருப்பவர் நன்றாகப் பேசுவார். அது அவர் வேலை. நீங்கள் போக வேண்டிய இடங்கள் வேறு. மாணவர்கள் பயன்படுத்தும் கழிப்பறை. குடிதண்ணீர் மெஷின். மதியம் 12 மணிக்கு மெஸ். லைப்ரரியில் எத்தனை நாற்காலியில் ஆள் இருக்கிறது. லேபில் மெஷின்கள் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடியிருக்கின்றனவா. டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் கடைசியாக ஒட்டிய தேதி என்ன. இந்தப் போர்டை யாரும் பார்ப்பதில்லை. அட்டென்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியல், ஃபைன், இன்டர்ன்ஷிப் அறிவிப்பு என்று ஒரு காலேஜின் ஜாதகமே அங்கே தொங்கும்.

பிறகு ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியாக விட்டுவிடுங்கள். கேன்டீனில் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கும் யாரிடமாவது பேசட்டும். அப்பா பக்கத்தில் நின்றால் எந்த சீனியரும் உண்மையைச் சொல்ல மாட்டார். ராஜபாளையம் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வந்தது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை. லிஸ்ட்டில் முதலில் இருந்த கல்லூரிக்குப் போனார்கள். கண்ணாடிக் கட்டடம், கூப்பிட்டு உட்காரவைத்து காபி. மகளுக்கு கேன்டீனில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கிடைத்தாள். பத்தே நிமிடப் பேச்சு. ஹாஸ்டலில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான், அவளுடைய பிரிவில் ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள், பிளேஸ்மென்ட் என்று போர்டில் இருக்கும் கம்பெனிகள் பலவும் வேறு பிரிவுக்கு வந்தவை. அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து லிஸ்ட்டைத் திருப்பி எழுதினார்கள். அந்தப் பெயர் முதலாவதிலிருந்து ஏழாவதுக்குப் போனது. கட்டடம் அவ்வளவு பளபளப்பில்லாத, ஆனால் லேபில் ஐந்து மணிக்கும் விளக்கு எரிந்த ஒரு கல்லூரி மேலே வந்தது. ‘காபி கொடுத்தாங்களேம்மா’ என்று அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெற்றோர் அக்கவுன்ட்ஸ் செக்ஷனுக்குப் போங்கள். டியூஷன் ஃபீஸ் தவிர என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ், எக்ஸாம் ஃபீஸ், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எது, கிடைக்காதது எது. முதல் பட்டதாரி சலுகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். பொறியியலில் 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் அரசுடையது. இதெல்லாம் தெரிந்த காலேஜ் ஊழியர் டக்கென்று பதில் சொல்வார். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்கிற இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்தால்தான் சீட் நிற்கும் என்று யாராவது சொன்னால் அசைந்துகொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி விதி.

கிளம்பும்போது மாலை ஐந்து, ஐந்தரை ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் ஸ்டேஷன்வரை போவதுதான் உங்கள் பிள்ளையின் தினசரி வாழ்க்கை. காலை பதினொரு மணிக்கு ஏ.சி காரில் போனால் எந்தக் காலேஜும் பக்கத்தில்தான் தெரியும்.

பக்கத்திலேயே ஊர்

ஊர் பார்ப்பதைத் தனி நாளாக வைக்காதீர்கள். காலேஜை ஒட்டியே ஏதாவது இருக்கும். 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகிறீர்களா? கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கே அருகில்தான். ஒன்பது மாடி, அனுமதி இலவசம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனி இடம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாலே பிள்ளைக்கு ஏதோ ஆகும். பிர்லா கோளரங்கமும் அந்தப் பக்கமே. மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி என்றால் வாசலுக்கு எதிரே மெரினா. 1914-ல் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கியது ராணி மேரி. வகுப்பு முடிந்து கடலைப் பார்க்கும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலோடு மணலில் உட்காருங்கள். ஆனால் கால் நனைப்பதோடு சரி. அலை இழுக்கும் கரை அது. குளிக்கத் தடை இருக்கிறது. நாளை நண்பர்களோடு வரும்போதும் அப்படித்தான் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

எத்திராஜ் கல்லூரிக்குப் பக்கம் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, அதனால் சனி மதியத்துக்கு வையுங்கள். அமராவதிச் சிற்பங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தாலும், வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதே வளாகத்தில்தான் 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம். தாம்பரத்தில் கிறிஸ்துவக் கல்லூரியைப் பார்க்கிறவர்களுக்கு, மரம் அடர்ந்த அந்தக் காட்டு வளாகமே பாதி சுற்றுலா. நேரம் இருந்தால் வண்டலூர் பூங்கா பக்கம்தான்.

ஞாயிறு காலை மயிலாப்பூர். பறக்கும் ரயிலில் திருமயிலை இறங்கி நடந்தால் கபாலீஸ்வரர் கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்து, மாட வீதியில் டிபன் சாப்பிட்டு, சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். தி.நகர் மட்டும் இந்த முறை வேண்டாம். ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் அரைநாளும் இரண்டாயிரம் ரூபாயும் போகும். ஹாஸ்டலுக்கு வாளி, மக், பெட்ஷீட் வாங்க அட்மிஷன் போட்ட பிறகு எப்படியும் வரத்தான் போகிறீர்கள்.

கணக்கைக் கூட்டுவோம். மதுரையிலிருந்து மூன்று பேருக்கு ரயில் போக வர 2,100. இரண்டு நாள் ரூம் 3,500. மூன்று நாள் சாப்பாடு 2,700. உள்ளூர்ப் பயணம் 600. நுழைவுச்சீட்டு, க்ளோக் ரூம், சுண்டல் எல்லாம் 100. மொத்தம் 9,000. திருநெல்வேலி, தென்காசி என்றால் ரயிலில் கொஞ்சம் கூடும். விழுப்புரம், திண்டிவனம்காரர்கள் ரூமில் ஒருநாளைக் குறைத்துவிடலாம். சித்தப்பா வீட்டு ஆப்பிள் இதில் சேரவில்லை.

ரயிலேறி உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், கல்லூரிகளின் பெயரை வரிசையாக எழுதுங்கள். மூன்று தாளையும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே வரிசை வராது. எங்கே வித்தியாசம், ஏன் என்று பேசுங்கள். பிள்ளை எழுதிய தாளைக் கடைசியில் பிரித்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பத்து மணிக்கு மேல் லைட்டை அணைக்கச் சொல்லி எதிர் பெர்த்காரர் முறைப்பார்.